பழைய கொழும்பின் எல்லையைக் கொட்டாஞ்சேனை வரை கொண்டுபோங்கள்: ஒரு திறந்த மடல்

நகர அபிவிருத்தி அதிகாரசபையினருக்கும், கொழும்பு மாநகர சபையினருக்கும், தொல்பொருள் திணைக்களத்தினருக்கும்,

வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பின் பழைய நகர மையம் எது, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரிடம் கேட்டாலும் அநேகமாகக் கிடைக்கும் பதில் கோட்டைதான். கொழும்பு 1. ஜனாதிபதி மாளிகை, மணிக்கூட்டுக் கோபுர வெளிச்சவீடு, கார்கில்ஸ் கட்டடம், கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல், ஒல்லாந்தர் வைத்தியசாலை. வெளிநாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே சுற்றுகிறார்கள், பெரிய பணம் போட்டுத் திருத்தும் வேலைகளும் அந்தப் பக்கமே அதிகம் நடக்கின்றன. புறக்கோட்டை வாசலில் நிற்கும் கான் மணிக்கூட்டைத் தாண்டி ஒரு எட்டு வைத்ததும் பேச்சு மாறிவிடுகிறது. அங்கே நெரிசல், லொறி, குப்பை, நடைபாதைக் கடை என்றுதான் கதைக்கிறார்கள்.

இந்தப் பிரிப்பு தவறு என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். புறக்கோட்டை, செட்டியார் தெரு, கொச்சிக்கடை, புதுக்கடை, வுல்ஃபெண்டால் மேடு, கொட்டாஞ்சேனை எல்லாம் பழைய கொழும்பின் மையத்துக்குள்ளேயே வரவேண்டும். கோட்டையை மட்டும் வட்டம் போட்டுவிட்டு மற்றதை அபிவிருத்திக்கான வெறும் காணி என்று பார்த்தால், நகரத்தில் பாதிக்கு மேல் உங்கள் வரைபடத்துக்கு வெளியே போய்விடும்.

முதலில் வரலாறு. போர்த்துக்கேயர் காலத்து மதில் இன்றைய கோட்டையையும் புறக்கோட்டையையும் சேர்த்தே வளைத்து நின்றது. அந்த மதிலின் வாசல்களில் ஒன்றுதான் கெய்மன்ஸ் கேட். பிரதான வீதியில் சாமான் வாங்கப் போகிறவர்கள் தினமும் கடந்து போகும் அந்தப் பழைய, மணி தொங்கும் கோபுரம் இருக்கிறதே, அதுதான் இடம். 1656 மே மாதம், ஏழு மாத முற்றுகைக்குப் பிறகு நகரம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. அவர்கள்தான் கடல்முனையைத் தனியாகப் பலப்படுத்திக் கோட்டையாக்கி, நடுவில் வெட்டவெளி விட்டு, கிழக்குப் பக்கத்தை வெளியே வைத்தார்கள். அப்படி வெளியே வைத்த பகுதியை அவர்களே பழைய நகரம் என்றுதான் அழைத்தார்கள். அங்கேதான் அவர்களுடைய குடும்பங்கள் வாழ்ந்தன. பிரின்ஸ் வீதியில் இன்று ஒல்லாந்தர் கால அருங்காட்சியகமாக இருக்கும் மாளிகை 1692 முதல் 1697 வரை ஆளுநராக இருந்த தோமஸ் வான் றீயின் வாசஸ்தலம். ஒல்லாந்தர் கால வீடு பார்க்க வேண்டும் என்றால் நாம் போகவேண்டிய இடம் கொழும்பு 11, அதாவது புறக்கோட்டை. அதே முற்றுகையில் இறந்துபோன ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் பெயரில்தான் ஆங்கிலத்தில் இன்னும் புதுக்கடையை ஹல்ஸ்டோர்ப் என்று அழைக்கிறார்கள், நாட்டின் உயர் நீதிமன்றம் இருப்பதும் அங்கேயே.

அப்புறம் ஆங்கிலேயர் வந்து, 1869 அளவில் கோட்டை மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். இன்று மிச்சம் என்று பார்த்தால் பிரிஸ்டல் வீதியில் ஒரு வங்கியின் வளவுக்குள் நிற்கும் டெல்ஃப்ட் வாசல், லேடன் பஸ்டியன் வீதி என்ற பெயர், துறைமுகத்துக்குள் சில துண்டுகள். காலியின் நிலைமை வேறு. அங்கே மதில் அப்படியே நிற்கிறது, 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது எது உள்ளே எது வெளியே என்று ஆராயப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கொழும்பில் மதில் இல்லை. ஆகவே எல்லையை மனிதர்கள்தான் தீர்மானிக்க வேண்டும், அதாவது நீங்கள். இல்லாமல் போன ஒரு மதிலின் தடத்தை, அதுவும் ஒல்லாந்தர் தங்கள் பாதுகாப்புக்காகச் சுருக்கிய மதிலின் தடத்தை, இன்றைய திட்டமிடலுக்கு அளவுகோலாக எடுப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இரண்டு பக்கமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதற்கு வுல்ஃபெண்டால் தேவாலயம் ஒன்றே போதும். 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். மேட்டில், சிலுவை வடிவில், தடித்த சுவர்களோடு இன்றும் நிற்கிறது. கோட்டைக்குள் இருந்த பழைய ஒல்லாந்தர் தேவாலயம் கைவிடப்பட்டபோது அங்கிருந்த கல்லறைக் கற்களை 1813இல் இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். கோட்டையை ஆண்டவர்களின் கல்லறைக் கற்களே கொட்டாஞ்சேனைப் பக்கமான கொழும்பு 13க்கு வந்துவிட்டன. அந்தக் கற்கள் கிடக்கும் இடத்தைப் பழைய நகரத்துக்கு வெளியே என்று எப்படி எழுதுவீர்கள்?

மாநகர சபையாருக்கு ஒன்று. உங்கள் சபை 1865இல் உண்டாக்கப்பட்டது. 1873இல் கட்டிய உங்கள் முதல் நகர மண்டபம் புறக்கோட்டையில் இருக்கிறது, 1928இல் கறுவாத்தோட்டப் பக்கம் போகும்வரை இந்த நகரத்தின் நிர்வாகம் அந்தச் சந்தைச் சத்தத்துக்கு நடுவில்தான் நடந்தது. 1899இல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டியின் ஒரு பாதை கோட்டையிலிருந்து புறக்கோட்டை ஊடாகக் கிராண்ட்பாஸுக்குப் போனது, 1960 வரை டிராம் ஓடியது. கோட்டைப் புகையிரத நிலையம் என்று நாடு முழுக்கச் சொல்கிற நிலையமே புறக்கோட்டையில்தான் நிற்கிறது. சபையும் டிராமும் ரயிலும் ஒரே நகரமாக நினைத்துத்தான் வேலை செய்திருக்கின்றன.

இனி, கட்டடங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசல் இருக்கிறது. சம்மாங்கோட்டார் பள்ளி என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1908இல் தொடங்கி அடுத்த வருடம் முடித்தது, தென்னிந்திய முஸ்லிம் வியாபாரிகளின் முயற்சி. அங்கிருந்து நடந்தால் செட்டியார் தெரு, நகைக் கடைகளுக்கு நடுவில் பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் விட்டுப்போன அடையாளங்கள். ஆடிவேல் தேர் அங்கே புறப்பட்டுத்தான் காலிமுகத்திடலைத் தாண்டி பம்பலப்பிட்டிக்குப் போகும். இன்னும் நடந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே வரும் சனத்தில் யார் கத்தோலிக்கர், யார் சைவர், யார் பௌத்தர் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே குண்டு வெடித்த அன்றும் அழுதது அந்த முழுப் பகுதியும்தான். அதற்குக் கிட்டவே பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். 1856இல் பொன்னம்பல முதலியார் கட்டியது, பிறகு அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லிலேயே திரும்பக் கட்டுவித்தார். கொழும்பில் அப்படி ஒரு கற்கோயில் வேறு எங்கே இருக்கிறது? இன்னும் மேலே போனால் ஜிந்துப்பிட்டி முருகன், கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமய விகாரை, புனித லூசியா பேராலயம். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்குள். எங்கே கோடு போட்டாலும், இந்த நடையை நடுவில் அறுக்கிற கோடு பிழையான கோடு.

தொழிலும் அப்படித்தான். தங்கத்துக்குச் செட்டியார் தெரு, நாட்டு மருந்துச் சரக்குக்குக் கபோஸ் லேன், இரும்புச் சாமானுக்குப் பழைய சோனகத் தெரு, வெங்காயம் கிழங்கு பருப்பு மொத்தமாக எடுக்க நான்காம் ஐந்தாம் குறுக்குத் தெருக்கள், மின்சாரப் பொருளுக்கு முதலாம் குறுக்குத் தெரு. மூட்டை சுமக்கும் நாட்டாமிகள் இல்லாவிட்டால் இதில் ஒன்றும் அசையாது. ஒரு தெரு ஒரு தொழிலை இத்தனை காலம் பிடித்து வைத்திருப்பது பெரிய மரபு. மரபுரிமை என்றால் முகப்புச் சுவரும் தூணும் மட்டும் என்று எண்ணுகிறவர்கள் யுனெஸ்கோ 2011இல் வரலாற்று நகர நிலத்தோற்றம் பற்றி வெளியிட்ட பரிந்துரையை ஒருதரம் எடுத்துப் பார்க்கலாம். தெருவின் வாழ்க்கை, வியாபாரம், வழிபாடு எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது அது.

தொல்பொருள் திணைக்களத்தாரிடம் ஒரு கேள்வி. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ ஒரு எல்லையாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தியது என்றால் புராதனச் சின்னம், பிந்தியது என்றால் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரகடனம் செய்ய வேண்டும். கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர் கைக்குக் கொடுத்த கண்டி ஒப்பந்தத்தின் திகதி அது. கண்டியின் வரலாற்றுக்கு அந்த நாள் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கொழும்பின் பழைய நகரத்தை அளக்க அது உதவாது, ஏனென்றால் நான் மேலே சொன்ன பள்ளி, கற்கோயில், நகர மண்டபம், 1923இல் பம்பாய்ப் பார்சிக் குடும்பம் ஒன்று கட்டிக் கொடுத்த கான் மணிக்கூடு, எல்லாமே அதற்குப் பிந்தியவை. பெயர்பெற்ற கட்டடங்களுக்காவது கதைக்க ஆள் இருக்கும். தெருவோரம் வரிசையாக நிற்கும் இரண்டு மாடிக் கடைவீடுகளுக்கு, கீழே கடையும் மேலே மரப் பலகணியும் பழைய ஓடும் உள்ள அந்த வீடுகளுக்கு, யார் ஒவ்வொன்றாகப் பிரகடனம் செய்யப் போகிறார்கள்? அதனால்தான் பகுதியாக, தெருத் தெருவாக எல்லை வகுக்க வேண்டும் என்கிறேன். தனிக் கட்டடங்களைப் பட்டியல் போடுவதோடு நின்றால் பட்டியலில் உள்ளவை மட்டும் தனியாக நிற்கும், சுற்றியிருந்தவை போய்விடும்.

கோடு எங்கே விழுகிறது என்பது வெறும் ஏட்டு விஷயம் இல்லை. கோட்டுக்கு உள்ளே இருந்தால் உயரக் கட்டுப்பாடு, முகப்பைக் காக்கும் நிபந்தனை, திருத்த வேலைக்கு ஆலோசனை என்று ஏதாவது வர வழி உண்டு. வெளியே இருந்தால் நாலு பழைய கடைக் காணிகளை ஒருவர் வாங்கிச் சேர்த்து, இடித்து, கண்ணாடி மாடி எழுப்பலாம். இப்போது உள்ளே இருப்பவர்களுக்கும் தலையிடிதான் என்பது எனக்குத் தெரியும். எங்கள் உறவுக்காரர் ஒருவர் பழைய கடையின் ஓட்டுக்கூரை ஒழுகுகிறது என்று திருத்த அனுமதி கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனார், அவர்கள் இன்னொன்றுக்கு அனுப்பினார்கள், அங்கே போனால் முதலில் போன இடத்தில் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். கடைசியில் மழைக்காலம் வந்து மரச் சட்டம் உக்கிப் போய், தகரம் போட்டு மூடிவிட்டார். இப்படித்தான் ஓடுகள் போகின்றன. வாடகைக் கதையும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் கீழ் வரும் பழைய கட்டடங்களில் சொற்ப வாடகை வாங்கும் சொந்தக்காரர் திருத்தச் செலவழிக்க மாட்டார், குடியிருப்பவரும் தன் காசைப் போட்டுத் திருத்தத் தயங்குவார், கட்டடம் தானாகவே இறங்கும். எல்லையை வகுக்கும்போது இதற்கும் சேர்த்து வழி சொல்லாவிட்டால் கோடு கடதாசியில்தான் இருக்கும்.

நகர மையத்தின் எல்லையை நகர்த்த முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். 2014இல் தொடங்கிய துறைமுக நகரத்துக்காகக் கடலை நிரப்பி 269 ஹெக்டேர் புதிதாக உண்டாக்கினார்கள், 2019இல் அதை முறைப்படி கொழும்பு மாவட்டத்தோடு சேர்த்தார்கள், 2021இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. கடல் இருந்த இடம் இன்று வரைபடத்தில் நகர மையத்தின் ஒரு பகுதி. மேற்கே இவ்வளவு தூரம் போக முடிந்த எல்லைக்கு, கிழக்கே நானூறு வருடமாக மனிதர் வாழும் தெருக்கள் வரை வர என்ன தடை?

சரி, எங்கே முடிப்பது? விமர்சிப்பதோடு நிற்க விருப்பமில்லை, என் மனதில் உள்ள எல்லையைச் சொல்கிறேன். மேற்கேயும் வடமேற்கேயும் கடலும் துறைமுகமும், துறைமுக மதிலுக்கு உள்ளே இருக்கும் பழைய களஞ்சியங்களும் கோட்டைத் துண்டுகளும் சேர்த்து. தெற்கே பேரே வாவியும் 1930இல் திறந்த பழைய பாராளுமன்றக் கட்டடமும். கிழக்கே புதுக்கடை நீதிமன்ற மேட்டைச் சுற்றி சென் செபஸ்தியன் கால்வாய் வரை. வடக்கே கொச்சிக்கடையிலிருந்து ஜம்பட்டா வீதி வழியாகப் புனித லூசியா பேராலயம் வரை. இதற்குள் கோட்டை, புறக்கோட்டை, செட்டியார் தெரு, கொச்சிக்கடை, புதுக்கடை, வுல்ஃபெண்டால் மேடு, கொட்டாஞ்சேனை ஆகியவை மையம். சுற்றியுள்ள ஐந்து லாம்புச் சந்தி, ஆமர் வீதி, டாம் வீதிப் பக்கங்கள் இடைவலயம், அங்கே புதிதாகக் கட்டலாம், ஆனால் மேட்டில் நிற்கும் கோபுரங்களை மறைக்கிற உயரம் கூடாது.

முகத்துவாரத்தையோ கறுவாத்தோட்டத்தையோ இதில் சேர்க்கச் சொல்லவில்லை. கறுவாத்தோட்டத்துப் பங்களாக்களுக்கும் பாதுகாப்பு வேண்டும், ஆனால் அது வேறு காலத்து, வேறு விதமான நகரம், அதற்குத் தனியாகச் செய்யலாம். எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்குள் போட்டால் எதையும் காக்க முடியாது, பழைய நகரம் என்ற சொல்லே நீர்த்துப்போகும்.

எனக்கு மிகவும் கஷ்டமான இடம் கொம்பனித்தெரு. வாவிக்கு அந்தப் பக்கம் என்றாலும் கோட்டையின் கதையைக் கொம்பனித்தெரு இல்லாமல் சொல்ல முடியாது. ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை வைத்திருந்த இடம், பிறகு மலாய்ப் படைவீரர்களின் குடும்பங்கள் வாழ்ந்த இடம், பள்ளியும் முருகன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கும் இடம். ஆனால் அங்கே மாடிக் கட்டடங்கள் முந்திக்கொண்டன. 19ஆம் நூற்றாண்டின் டி சொய்சா கட்டடம் இன்று இல்லை. என் கருத்து, அதை மையத்தோடு ஒட்டவைக்காமல் தனி வலயமாக உடனே அறிவிக்க வேண்டும். பெரிய திட்டம் முடியும்வரை காத்திருந்தால் அறிவிக்க ஒன்றும் மிஞ்சாது.

இவ்வளவும் கேட்ட பிறகு எங்கள் தெருவில் உள்ளவர்கள் திருப்பி என்னிடம் கேட்பது ஒன்றுதான்: கோடு போட்டால் எங்களை எழுப்பிவிடுவார்களா? அந்தப் பயத்தைப் பிழை சொல்ல முடியாது. 2020இல் புறக்கோட்டையின் மரக்கறிச் சந்தையான மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போனது, அதற்கு முன்பே மீன் சந்தை போனது. நெரிசலைக் குறைக்க அது தேவை என்றார்கள், லொறிகள் குறைந்ததும் உண்மை, ஆனால் அந்தச் சந்தையை நம்பியிருந்த நாட்டாமிகளும் தேத்தண்ணீர்க் கடைக்காரரும் என்ன ஆனார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததாக நான் காணவில்லை. 1681 அளவிலேயே இருந்த ஒல்லாந்தர் வைத்தியசாலையை 2011இல் அழகாகத் திருத்தித் திறந்தார்கள், திருத்திய வேலையைப் பாராட்டுகிறேன், ஓடும் முற்றமும் கண்ணுக்கு நிறைவு. இன்று அது முழுக்க உணவகமும் கடையும். வெறுமையாகக் கிடந்த ஒரு கட்டடத்துக்கு அது சரியாக இருக்கலாம். அதே முறையைச் செட்டியார் தெருவுக்குக் கொண்டுவந்தால் தட்டார் போய்விடுவார், பட்டறை போய்விடும், முகப்பு மட்டும் நிற்கும். ஆகவே எல்லை அறிவிப்போடு சேர்த்தே எழுத்தில் தாருங்கள்: உள்ளே இருக்கும் வாடகைக் குடியிருப்பாளரும் கடைக்காரரும் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்பவர்களும் அங்கேயே இருப்பார்கள் என்று. நடைபாதை வியாபாரிகளுக்கும் இடம் ஒதுக்கி அதையும் வரைபடத்திலேயே குறியுங்கள்.

நெரிசல் பற்றியும் தீ பற்றியும் நீங்கள் சொல்லும் கவலை உண்மையானது. குறுக்குத் தெருக்களில் தலைக்கு மேல் தொங்கும் வயர்களையும், தீயணைப்பு வண்டி திரும்ப முடியாத மூலைகளையும் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். சரக்கு ஏற்றி இறக்க நேரம் ஒதுக்குவது, தண்ணீர்க் குழாய் போடுவது, வயரை நிலத்துக்கடியில் கொண்டுபோவது எல்லாம் பழைய நகரத்துக்குள்ளும் செய்யக்கூடிய வேலைகள்தான். அதைச் சாட்டாக வைத்து இடிக்க வேண்டியதில்லை.

கடைசியாகச் செய்முறை. வரைபடத்தின் நகலை வெறும் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டு நாள் முடிந்தது என்று சொல்லாதீர்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிதாக அச்சடித்துப் புறக்கோட்டைப் பழைய நகர மண்டபத்தில் தொங்கவிடுங்கள், சிவப்புப் பள்ளி, கதிரேசன் கோயில், அந்தோனியார் கோயில், வுல்ஃபெண்டால் அறிவித்தல் பலகைகளிலும் ஒட்டக் கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்து எல்லையும் ஏன் அந்தத் தெருவில் வைக்கப்பட்டது என்று காரணத்தை எழுதுங்கள். ஆட்சேபணை கேட்கும் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வார நாளில் கடையை விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள். காணி உறுதி உள்ளவரிடம் மட்டும் கேட்காமல் வாடகைக்கு இருப்பவரிடமும் மூட்டை தூக்குகிறவரிடமும் கேட்டு, அவர்கள் சொன்னதைப் பதிவில் எழுதி, அந்தப் பதிவையும் வெளியிடுங்கள். நாள் குறித்து அறிவித்தால் எங்கள் தெருவிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனைவாசி ஒருவர்